ஆக்சிஜன் குழாய்க்குள் ஒரு கிளட்ச் கால்

பூமியில் பிறந்த எல்லோரும் மூக்கு வழியாகச் சும்மா இழுத்துக்கொள்கிற ஆக்சிஜனை, ஓர் ஆளைக் குழாய்க்குள் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, அமுக்கி அமுக்கிக் கொடுப்பதுதான் என் தொழில். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். கையை ஆட்டி ஆட்டி விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, உங்க பக்கம் மழை உண்டா என்று பேச்சை மாற்றி, காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மெஷினுக்கும் மனுஷனுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிற என் இனத்தாரே, நீங்களாவது நம்புங்கள்.

பம்பிலிருந்து பதவி உயர்வு

நான் படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். நம்ம ஊரில் அதைப் படித்தவனுக்கு பம்பு செட் கம்பெனியை விட்டால் வேறு கதி ஏது? ஆறு வருஷம் அங்கே ப்ரெஷர் டெஸ்டிங் பார்த்தேன். பம்பின் வாயை எல்லாம் அடைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றி, எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு மூலையில் தள்ளிவிடலாம். பம்பு கோபித்துக்கொள்ளாது, அதன் சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வரமாட்டார்கள். எவ்வளவு நிம்மதியான வேலை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு மில் முதலாளி ஆஸ்பத்திரி கட்டினார். வெளிநாடு போன இடத்தில் இந்தக் குழாயைப் பார்த்து ஆசைப்பட்டு, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவு கண்ணாடி மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக் உருளை, ஒரு பக்கம் இரும்புக் கதவு, பக்கத்தில் வால்வுகளும் மீட்டர்களும். இதை ஓட்ட டாக்டர் எவரும் முன்வரவில்லை. மீட்டர் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியதில் நான் அகப்பட்டேன். இன்டர்வியூவில், மனுஷ உடம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுங்களே என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பம்புக்குள்ள தண்ணி, இதுக்குள்ள ஆளு. வித்தியாசம் அவ்வளவுதானே தம்பி, நாளைக்கே வந்து சேந்துக்கங்க.”

எழவு வீட்டுத் தலை

அப்படிச் சேர்ந்த மூன்றாவது மாசம் வந்து சேர்ந்தவர்தான் நாச்சிமுத்தண்ணன். காந்திபுரத்திலிருந்து கிணத்துக்கடவு போகிற தனியார் டவுன் பஸ்ஸில் டிரைவர். ஐம்பதை நெருங்கிய வயசு. வழியில் பஸ் நின்றுபோக, இறங்கி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மேல் பின்னால் வந்த லாரி இடித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். கம்பியோடு கிருமியும் உள்ளே குடியேறிவிட்டது. ஒன்றரை வருஷமாகச் சீழ். மாத்திரை, ஊசி, மூன்று ஆபரேஷன், ஒன்றுக்கும் அசையவில்லை. வாடகைக்கு வந்துவிட்டு வீட்டைக் காலி பண்ணாமல் சட்டம் பேசுகிற ஆள் மாதிரி அந்தக் கிருமி எலும்புக்குள்ளே காலை நீட்டிப் படுத்துவிட்டது. ரத்தம் போகாத இடம் என்பதால் மருந்தும் போகவில்லை.

எங்கள் எலும்பு டாக்டர் அதிகம் பேசாதவர். கம்பியை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டிவிட்டு, தீர்மானமாகச் சொன்னார். மருந்தோடு சேர்த்து முப்பது தடவை குழாய்க்குள் போக வேண்டும். அழுத்தம் கொடுத்தால் ஆக்சிஜன் ரத்தத்தில் கரைந்து, மருந்து எட்டாத சந்துபொந்தெல்லாம் போகும், கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களுக்குத் தெம்பு வரும். அதற்கப்புறம் எலும்பில் ஒரு துணுக்கை எடுத்து லேபில் வைத்துப் பார்ப்பேன், கிருமி வளர்ந்தால் காலை எடுத்துவிடுவேன் என்றார். நாச்சிமுத்தண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கிளட்ச் மிதிக்கற காலுங்க. அது இல்லாட்டி வண்டி ஓட்ட முடியாதுங்களே?” டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் என் வேலை ஆரம்பித்தது. சுத்த ஆக்சிஜனுக்குள் ஒரு சின்னப் பொறி பட்டாலும் ஆளும் குழாயும் சாம்பல். அதனால் உள்ளே போகிறவர் பருத்தித் துணி மட்டும்தான் உடுத்த வேண்டும், உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ஊர் முழுக்கப் பஞ்சாலை. ஆனால் வந்த ஒருத்தர் உடம்பிலாவது நல்ல பருத்திச் சட்டை இருந்ததா? எல்லாம் பளபளவென்று பாலியஸ்டர். அண்ணன் சம்சாரம் ராமாத்தாக்கா, வார்டிலிருந்து பெரிய மெஷினுக்குப் போகிறாரே என்று புருஷனுக்கு இருப்பதிலேயே மினுமினுப்பான சட்டையைப் போட்டு, தலையில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, படிய வாரிக் கூட்டி வந்திருந்தார். எண்ணெய் சொட்டி நெற்றியில் இறங்கிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டுத் தலையை அலசிவிட்டு வாருங்கள் என்றதும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏனுங்க தம்பி, எண்ணெய் வெக்காத தலையோட வர, நாங்க என்ன எழவு ஊட்டுக்கா வந்திருக்கறோம்?”

பரவால்லீங்க

அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். மலை ஏறும் பஸ்ஸில் அடைக்குமே, அதைப் போலப் பல மடங்கு. எச்சிலை விழுங்க வேண்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். அதற்கும் விடவில்லை என்றால் கையைத் தூக்கினால் போதும், நான் நிறுத்திவிடுவேன். இதை அண்ணனுக்கு ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன். சரிங்க, சரிங்க என்று நாலு தடவையும் தலையாட்டினார். உள்ளே படுத்தார். வால்வைத் திறந்தேன். மைக்கில் கேட்டேன்: “காது வலிக்குதுங்களாண்ணா?” “பரவால்லீங்க.” இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். “இப்போங்க?” “பரவால்லீங்க.” முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

இந்தப் ‘பரவால்லீங்க’ இருக்கிறதே, நம்ம பக்கத்து ஆட்களிடம் இதை நம்பி ஒரு காரியம் செய்தீர்களோ, தொலைந்தீர்கள். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் பரவால்லீங்க, பஸ்ஸில் காலை மிதித்தாலும் பரவால்லீங்க. ஐந்து நாள் இப்படியே ஓடியது. ஆறாவது நாள் வெளியே வந்தவரின் இடது காதிலிருந்து ரத்தம் கோடாக வடிந்திருந்தது. ஐந்து நாளும் வலி உயிர் போயிருக்கிறது, மனுஷன் மூச்சு விடவில்லை. காது டாக்டர் பார்த்துவிட்டு, சவ்வு வீங்கியிருக்கிறது, ஒரு வாரம் குழாய்ப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். எலும்பு டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் சாக்பீஸ் வட்டம் எனக்கே விழுந்துவிட்டது. அந்த ஒரு வாரத்தில் காலில் சீழ் மறுபடி கூடியது. கட்டுப் பிரிக்கும்போது வருகிற நாற்றத்தை வைத்தே எங்கள் ரோஸ்லின் சிஸ்டர் சொல்லிவிடுவார். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

எனக்கு வந்த கோபத்தில் அண்ணன் கட்டிலுக்கே போய்க் கத்திவிட்டேன். கையைத் தூக்குங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேனே, போகப் போகிறது உங்கள் கால் அல்லவா, ஏன் இப்படிச் செய்தீர்கள்? அவர் எழுந்து உட்கார்ந்து, நல்ல காதை என் பக்கம் திருப்பி, எனக்கு ஆறுதல் சொன்னார். “நீங்க பாவம் அத்தன வால்வயும் ஒத்தையாளாத் திருப்பிக்கிட்டு இருந்தீங்க. அதுல நான் வேற கையத் தூக்கி, உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?”

ஓல்டான்

இனி இந்த ஆளை என்ன செய்வது? திட்டினாலும் சிரிக்கிறார், கெஞ்சினாலும் சிரிக்கிறார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அது அடுத்தவரைத் தொந்தரவு செய்வது என்று பிறவியிலேயே எழுதி அனுப்பிவிட்டார்கள். யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அந்த வாரம் ஒருநாள் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்வாசலில் கண்டக்டர் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். டிரைவர் நிறுத்தினார். இரண்டு தட்டினார். டிரைவர் எடுத்தார். முன்னாலும் பின்னாலும் இருக்கிற அந்த இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. சிரமம், மன்னிப்பு, தயவு ஒன்றும் கிடையாது.

காது ஆறி வந்த அன்றைக்கு அண்ணனிடம் சொன்னேன். “அண்ணா, இன்னிக்கு இந்த வண்டிக்கு நான் டிரைவர், நீங்க கண்டக்டர். குழாய்ச் சுவத்துல ஒரு தட்டுத் தட்டினா ஓல்டான். ரெண்டு தட்டினா ரைட்டு. நீங்க தட்டாம வண்டி ஓரடி நகராது.” முகமே மாறிவிட்டது அவருக்கு. படுத்த இடத்திலேயே முதுகை நிமிர்த்தினார். வால்வைத் திறந்து பத்து எண்ணுவதற்குள் ‘டொக்’ என்று ஒரு தட்டு. நிறுத்தினேன். மூக்கைப் பிடித்து ஊதினார். ‘டொக் டொக்.’ ஏற்றினேன். மறுபடி ‘டொக்.’ கால் மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு முக்கால் மணி ஆனது. ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நின்று போனோம். ஆனால் காது தப்பித்தது. ஆயுசு முழுக்கப் பரவால்லீங்க பாடின மனுஷன், நான் ஒரு தடவை கவனக்குறைவாக அரை நொடி தாமதமாக நிறுத்தியதற்கு மைக்கில் போட்டார் ஒரு போடு. “ஏனுங்க டிரைவரே, ஓல்டான் குடுத்தா நிறுத்தோணும், காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கறீங்க?”

ஒட்டுக்கா ஏத்துங்க

அண்ணன் பத்தாவது தடவையைத் தாண்டியபோது, உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தேங்காய் மண்டிக்காரர் வந்தார். சர்க்கரை வியாதி, பாதத்தில் ஆறாத புண். அவருக்கும் முப்பது தடவை என்று எழுதியிருந்தது. மண்டியை விட்டுவிட்டுத் தினமும் வர முடியாது என்பது அவர் கவலை. குழாயைச் சுற்றி வந்தார், மீட்டரைப் பார்த்தார், எத்தனை வரைக்கும் முள் போகும் என்று கேட்டார். நானும் மடையன், மெஷினில் ஆர்வம் என்று நினைத்து விளக்கமாகச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டு என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். முப்பது நாள் கொடுக்கிற அழுத்தத்தை ஒரே நாளில் கொடுத்துவிட முடியாதா என்பது கோரிக்கை. அப்படிச் செய்தால் வலிப்பு வந்து ஆளே போய்விடுவார், ஆக்சிஜன் எச்சானால் அதுவே விஷம் என்று பயமுறுத்தினேன். அவர் அசரவில்லை. நான் ஏதோ வியாபாரத் தந்திரம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினார். “முள்ளுதான் இன்னும் பாதி காலியாக் கெடக்குதுங்களே தம்பி, ஒட்டுக்கா ஏத்தி உட்டீங்கன்னா பொழுதோட ஊரு போய்ச் சேந்துக்குவேன்.”

பூசணிக்காய்

நடுவில் ஆயுத பூஜை வந்தது. நம்ம ஊரில் அன்றைக்கு இயங்குகிற எதுவும் பொட்டு வைக்காமல் தப்பிக்க முடியாது. ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர், எக்ஸ்ரே மெஷின், சமையலறை கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. எலக்ட்ரீசியன் தண்டபாணி அண்ணன் தலைமையில் காலையிலிருந்து ஆரவாரம். என் அறை வாசலில் ‘உள்ளே நெருப்பு ஆகாது’ என்று சிவப்பு எழுத்தில் பெரிய போர்டு உண்டு. அதற்கும் மூலைக்கு ஒரு பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். யாராவது அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

மாலை போட்டதோடு விட்டுவிடுவார்கள் என்று நம்பி, நாச்சிமுத்தண்ணனை உள்ளே ஏற்றி, அழுத்தத்தை வேண்டிய அளவுக்கு ஏற்றி நிறுத்தி வைத்துவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பதினேழாவது தடவை. திடீரென்று கதவு திறந்தது. தண்டபாணி அண்ணன் இரண்டு கையிலும் பூசணிக்காயை ஏந்தி வருகிறார். அதன் உச்சியில் கற்பூரம் திகுதிகுவென்று எரிகிறது. பின்னால் வார்டு ஆட்கள் கும்பிட்டபடி. குழாய்க்குள் ஆக்சிஜன், குழாயிலிருந்து வெளியேறுகிற ஆக்சிஜன், நடுவே ஒரு மனுஷன். சட்டென்று அழுத்தத்தை இறக்கி ஆளை வெளியே இழுக்கவும் வழி இல்லை. “வெளியே போங்க!” என்று கத்துகிறேன், சத்தம் வரவில்லை. நாச்சிமுத்தண்ணன் வேறு, உள்ளே படுத்தபடியே பூசணிக்காயைப் பார்த்துப் பயபக்தியோடு கைகூப்புகிறார்!

கட்டுக் கட்ட வந்திருந்த ரோஸ்லின் சிஸ்டர்தான் காப்பாற்றினார். கையில் இருந்த புண் கழுவுகிற பேசின் தண்ணீரைப் பூசணிக்காய் மேலேயே, தண்டபாணி அண்ணனின் புதுச் சட்டையோடு சேர்த்து, ஒரே வீச்சில் ஊற்றினார். கற்பூரம் அணைந்தது. சொட்டச் சொட்ட நின்ற தண்டபாணி அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. சாமி காரியத்தில் இப்படிச் செய்துவிட்டீர்களே, உங்கள் கோயில் மெழுகுவர்த்தியாக இருந்தால் ஊற்றியிருப்பீர்களா என்று கேட்டார். சிஸ்டர் பேசினைக் கழுவப் போகிற வழியில் திரும்பிப் பார்த்தார். “எங்க சாமியே மெழுகுவத்தியோட நேர்ல வந்திருந்தாலும் ஊத்தியிருப்பேன். இப்ப வழிய விடுங்க, தரைய யார் தொடைக்கறது?”

கண் போன கதை

இருபத்தைந்தாவது தடவைக்குப் பக்கத்தில் புண் சுருங்க ஆரம்பித்தது. நாற்றம் நின்றது. சிஸ்டர் உதட்டைப் பிதுக்கவில்லை. எனக்குக்கூடச் சாப்பாடு கொஞ்சம் ருசித்தது. அப்போது பார்த்து வார்டில் ஒரு பரபரப்பு. நாச்சிமுத்தண்ணன் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார்! அஞ்சு வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்துத் தெரியாதவர், கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்து வரைக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாள் என் அறை வாசலில் கால் புண் இல்லாத கூட்டம். கண்ணுக்கு ஒரு நடை காத்து வாங்க வந்தோம் என்றார்கள். விரட்டி அனுப்புவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் ராமாத்தாக்கா தனியாக வந்தார். முகம் சரியில்லை. ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்த அண்ணனுக்கு, எதிரே வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியவில்லையாம். எல்லாம் புகை மூடின மாதிரி இருக்கிறதாம். கிட்டத்துப் பார்வை வந்த கையோடு தூரத்துப் பார்வை போய்விட்டிருக்கிறது. வழக்கம்போல அதை யாரிடமும் சொல்லாமல் பரவால்லீங்க என்று வைத்திருந்திருக்கிறார். நான் டாக்டரிடம் ஓடினேன். நிறையத் தடவை குழாய்க்குள் போனால் சிலருக்கு இப்படி ஆகும், நிறுத்தியதும் சில வாரத்தில் தானாகச் சரியாகும் என்றார். அதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அரை நம்பிக்கைதான். கால் இருந்து கண் இல்லாவிட்டால் எந்த முதலாளி பஸ்ஸைக் கொடுப்பான்? அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார். “காலக் குடுக்கறம்னு சொல்லிப்போட்டுக் கண்ணப் புடுங்கிக்கிட்டீங்களே, இது என்ன நாயமுங்க தம்பி?”

லேப் சீட்டு

முப்பதும் முடிந்தது. டாக்டர் எலும்பில் துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பினார். கிருமி இருந்தால் வளர்வதற்குச் சில நாள் ஆகும். அந்தச் சில நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே! பம்பு கம்பெனியில் கசிகிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். இங்கே காத்திருக்க வேண்டும். கண்டவர்கள் எல்லாம் வந்து, இந்தக் காத்து வைத்தியம் எல்லாம் ஏமாத்து, பக்கத்து ஊரில் ஒருத்தர் பச்சிலை கட்டுகிறார் என்று என் எதிரிலேயே அண்ணனுக்குப் புத்தி சொன்னார்கள். அண்ணன் அவர்களிடமும் சரிங்க என்றார். காலைத் தொட்டுப் பார்ப்பதும், போர்வையை இழுத்து மூடுவதுமாக இருந்தார். அவர் பயந்திருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வால்வைத் திருகுகிறவனுக்கு எதற்குப் பயம் என்று கேட்காதீர்கள்.

ஐந்தாம் நாள் டாக்டர் சீட்டோடு வார்டுக்குள் வந்தார். நின்றபடியே படித்தார். “கிருமி வளரல. காலு இருக்கட்டும்.” மொத்தமே மூன்று நாலு வார்த்தை. மனுஷன் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால்தான் என்ன? நாச்சிமுத்தண்ணன் கைகூப்பி, வண்டி எப்பங்க எடுக்கலாம் என்றார். மொதல்ல நடங்க என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். ஒன்றரை வருஷமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ராமாத்தாக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். நான் கிட்டே போய், அழாதீங்கக்கா என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் மேல் பாய்ந்தார். “ஆரு அழுகறா? உங்க ஆசுபத்திரிப் பினாயில் நெடி கண்ணுல ஏறிப்போச்சு, போயி வேலயப் பாருங்க தம்பி.”

காந்திபுரம் டூ கிணத்துக்கடவு

அப்புறம் பல மாசம் அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை. குணமானவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார்கள். அது நியாயம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிணத்துக்கடவில் ஒரு கல்யாணத்துக்குப் போக காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். கூட்டமான கூட்டம். முண்டியடித்து எஞ்சின் பக்கம் போய் நின்றால், ஸ்டியரிங்கில் நாச்சிமுத்தண்ணன்! எதிரே இருந்த பஸ்ஸின் நம்பரை வாசித்து அதன் டிரைவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வம்பிழுத்துக்கொண்டிருந்தார். ஆக, கண்ணும் வந்துவிட்டது. ரைட் விழுந்தது. இடது கால் எழுந்து கிளட்சை மிதித்தது. வேட்டிக்குக் கீழே தழும்பு பளபளவென்று தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் யாரோ என் காலை மிதித்துக்கொண்டிருந்தார்கள். நானே பரவால்லீங்க என்று சொல்லிவிட்டேன் என்றால் பாருங்கள்.

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். “அட, வாங்க வாங்க!” என்று பஸ்ஸே அதிரக் கூப்பிட்டு, கண்டக்டரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். என் கால் பொழச்ச கதை சொன்னேனில்ல, டாக்டரு எலும்பச் சுரண்டுனாருங்க, சிஸ்டரம்மா தெனமும் புண்ணுக் கழுவுனாங்க, ஊட்டுல அம்மணி வேண்டாத சாமி இல்லீங்க, இந்தத் தம்பிதான் தெனமும் காத்து அடிச்சாரு என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஏதோ மாலை விழுந்த மாதிரி இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரியாதையாகக் கிட்டே வந்தார். “எந்தப் பஞ்சர் கடைங்ணா நீங்க? நம்ம வண்டிக்கும் பின்னாடி டயருல காத்துக் கம்மியாக் கெடக்குது, எறங்கறப்பச் சித்தப் பாத்துட்டுப் போயிருங்க.”

ஆக மொத்தம், முப்பது நாள் வால்வைத் திருகி ஒரு மனுஷனின் காலை மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த கைம்மாறு, உட்கார ஒரு சீட்டும் இல்லாமல், கிணத்துக்கடவு வரைக்கும் என் சொந்தக் கால் இரண்டிலும் நின்றுகொண்டே அவர் வண்டியில் போனதுதான்.